கோழி வீட்டுத் தூக்கம்

1

முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கோழி வீடு என்று பெயர். கோழி வளர்த்ததால் வந்த பெயர் இல்லை. விளக்கு வைத்ததும் தூங்கிவிடுவோம், அதனால் வந்தது. அப்பா சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிடுவார். சித்தப்பா கூத்துப் பார்க்கப் போய், கூத்து தொடங்குவதற்கு முன்பே தூங்கி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தனியாக எழுந்து வந்தார். எங்களுக்கு விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். ஊர் சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

அண்ணன் மகன் போனில் பேசினான். ஊர்ச் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "அத்தை, மலேசியா வாழ்க்கை எப்படின்னு நீங்க ஒண்ணு எழுதுங்க" என்றான். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் சரி என்றேன்.

ஆனால் மலேசியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. போன வாரம் என் மகன் ராஜனுக்குத் திதி கொடுத்தோம். அதைத்தான் எழுத முடிகிறது. அதிலே உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கோழி வீட்டு இரத்தம் அந்த ஊரில் இன்னும் ஓடுகிறதே.

2

கல்யாணமாகிக் கப்பலில் வந்தேன். லாயாங் லாயாங்கில் ரயிலை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் மரத்தை இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் விடியும் முன்பே எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அதைப் பெரட்டு என்பார்கள். தண்டவாளத் துண்டைத் தட்டி ஆட்களை எழுப்புவார்கள். அந்தச் சத்தம் வருவதற்குள் நான் குளித்து, சோறு கட்டி, வாளியோடு நிற்பேன்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஊர்லேருந்து பொண்ணு எடுத்தா இப்படி எடுக்கணும்" என்று தோட்டத்து வரிசை வீடுகள், அந்த லயம் முழுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் அதே வாய், "என்னாடி இது, வெளக்கு வச்ச வீட்ல பொணமாட்டம் கெடக்குற?" என்று திட்டும்.

ஒரு புத்தாண்டு அன்று அரசாங்கம் நாட்டு மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. மறுநாள் பெரட்டில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். "கவர்மெண்டு மணிய மாத்திருச்சு லா. மரத்துக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று கங்காணி கேட்டார். வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மணி என்ன சொன்னாலும் நான் அதற்கு முன்பே எழுந்துவிடுகிறவள்.

ராஜன் என்னைப் போலவே பிறந்தான். மகள் மேகலா அப்படி இல்லை, அவள் அப்பாவைப் போல இரவெல்லாம் விழித்திருப்பாள். ராஜனுக்குச் சாயங்கால டியூஷனில் தலை சாயும். வாத்தியார் காதைத் திருகுவார். மாமியார் முனியாண்டி கோவிலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் விடிகாலை எங்களுடையது. வீடே தூங்கும்போது நானும் அவனும் குசினியில் உட்கார்ந்திருப்போம். நான் அடுப்பை மூட்டுவேன், அவன் கோப்பித் தூளை எடுத்துத் தருவான். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. பாஷை தெரியாத நாட்டில், கூட்டத்தைக் கண்டால் ஒடுங்கிப்போகிற எனக்கு, அந்த நேரத்தில் மட்டும்தான் யாருக்கும் பயப்படாமல் இருக்க முடிந்தது. அவன் வளர்ந்து, கல்யாணமாகி, தோட்டத்தை விட்டு நாங்கள் சிங்கப்பூர்ப் பக்கம் இருக்கிற ஸ்கூடாய் வீட்டுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை.

3

மருமகள் கோமதி சிம்பாங் ரெங்கத்துப் பெண். சுறுசுறுப்பானவள், வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில் புருஷனோடு உட்கார்ந்து பேச வேண்டும், படம் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருப்பாள். அவன் சாப்பிட்ட கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். "ஏன் அத்தை, எம்மூஞ்சியப் பாக்கவே புடிக்கலையா உங்க மகனுக்கு?" என்று என்னிடம் கேட்பாள். "எங்க வீட்டுத் தூக்கமே அப்படிம்மா" என்று சொல்வேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மகள் தாரா பிறந்த பிறகும் அந்தக் குறை அவளை விட்டுப் போகவில்லை.

ராஜன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். காலை ஷிப்டு இருந்தவரை நன்றாக இருந்தது. ஊரே தூங்கும்போது மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலம் தாண்டிப் போய்விடுவான். பிறகு இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். பகலில் அவனுக்குத் தூக்கம் வராது, பொழுது சாய்ந்தால் நிற்க முடியாது. கன்னம் ஒட்டிப்போனது. சட்டைப் பையில் சிலிப்பாடி மிளகாயைப் போட்டுக்கொண்டு போவான். அந்தச் சின்ன மிளகாய் ஒன்றைக் கடித்தால் உச்சி வரை ஏறும், தூக்கம் கொஞ்ச நேரம் ஓடும். தோட்டத் திருவிழாவில் கூத்துப் பார்க்க நான் அப்படிக் கடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான்.

ஒரு நாள் சாயங்காலம் கோமதியோடு ஏதோ சின்னச் சண்டை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பக்கத்து சூராவில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். நெடுஞ்சாலை ஓரக் கம்பியில் போய் மோதினான். மழை இல்லை. பின்னால் வந்த மலாய்க்காரப் பையன், பிரேக்கே பிடிக்கவில்லை, நேராகப் போனார் என்று சொன்னானாம்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தும் என்னுடையது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டைதான். குடியுரிமைக்கு மலாயில் கேள்வி கேட்பார்கள். தெரிந்த பதிலும் எனக்கு வாயில் வராது. அன்றைக்கும் அப்படித்தான். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கவுண்டரில் இருந்த பெண் மலாயில் கேட்டாள். அவன் என் பிள்ளை என்று சொல்லப் போய், நான் அவன் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள். சிரிக்காமல் சரியாக எழுதிக்கொண்டாள். நல்ல பெண்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை உள்ளே கிடக்கிறான். என் கண் சொருகியது. கையைக் கிள்ளினேன், நாக்கைக் கடித்தேன், முடியவில்லை. "பெத்தவ தூங்குறா பாரு" என்று யாரோ ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அவன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். போன், சாவி, நசுங்கிய மிளகாய் ஒரு பிடி. மிளகாயைப் பார்த்ததும் கோமதியின் அண்ணன் சொன்னார், "தண்ணி போடுறவன் பாக்கெட்லதான் இதெல்லாம் இருக்கும்." குடிக்கும்போது தொட்டுக்கொள்ள வைத்திருந்தானாம். "எம்பிள்ள குடிக்க மாட்டான். தூக்கத்துக்காகக் கடிப்பான்" என்றேன். "பெத்தவங்க வேற எப்படிச் சொல்வீங்க?" என்றுவிட்டார். என் குரல் எப்போதும் சின்னது. அவர் சொன்ன வார்த்தை தோட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றே எல்லோரும் பேசினார்கள்.

கோமதி குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். வருஷத்துக்கு ஒரு தடவை திதிக்கு வருவாள். வந்து, கும்பிட்டு, கிளம்பிவிடுவாள். தாரா என்னிடம் பேசும் தமிழும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது. "பாட்டி, ஐ டோண்ட் நோ லா" என்று சிரிப்பாள். நானும் புரிந்தது மாதிரி சிரிப்பேன்.

4

இப்போது மேகலாவோடு இருக்கிறேன், அதே ஸ்கூடாயில். அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சிரிப்பீர்கள். பழ ஈ வளர்க்கிறாள். வாழைப்பழத்தை மொய்க்குமே, அதே ஈதான். நான் ஆயுள் முழுக்கக் கையை வீசி விரட்டியதை அவள் பாட்டிலில் போட்டு, கூழ் வைத்து வளர்க்கிறாள். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மூடியைத் தொட்டுவிட்டேன்.

"அலமாக்! ம்மா, தொடாதீங்க லா. பறந்துச்சுன்னா எம்பொழப்பு போச்சு."

"ஈ பறக்காம என்னடி செய்யும்? இதுங்கள வச்சு என்னத்தப் பாக்குற?"

"எப்பத் தூங்குது, எப்ப எந்திரிக்குதுன்னு பாக்குறேன்."

பிறகுதான் அவள் சொன்னாள். ஈயை வெளிச்சமே இல்லாத இருட்டில் வைத்தாலும், எழுகிற நேரத்துக்கு அது எழுந்துவிடுமாம். உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைச் செய்கிற மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்று இரவெல்லாம் ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்டே போகும். அது நிறைந்ததும், அந்தப் பொருளே திரும்பிப் போய்த் தன்னைச் செய்கிற வேலையை நிறுத்திவிடும். பிறகு கரைந்துபோகும், மறுபடியும் தொடங்கும். ஒரு சுற்று என்பது ஏறக்குறைய ஒரு நாள்.

"பால் மரம் மாதிரி" என்றேன். வெட்டிய வாயில் பால் வடிந்து, வடிந்த பாலே உறைந்து வாயை அடைத்துக்கொள்ளும். மறுநாள் அதை உரித்துவிட்டு வெட்டினால் மறுபடி வடியும்.

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க" என்றாள்.

ஈக்கும் மனுஷனுக்கும் இது தனித்தனியாக வந்ததில்லையாம். ஈயும் நாமும் பிரிவதற்கு முன்னால், எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால், கடலில் புழு மாதிரி ஒன்று இருந்திருக்கிறது. அதனிடமே இந்தக் கடிகாரம் இருந்தது. வழிவழியாக எல்லோருக்கும் வந்தது. ஈயிடம் அந்த மரபணு ஒன்றுதான். நம் வழியில் அது பிரதியெடுத்துப் பெருகியது. ஒரே சாமான் இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேலைக்கு வைத்துக்கொள்வோமே, அதுபோல.

"நமக்கு மூணு இருக்கும்மா. எலிக்கும் மூணு. கோழி எங்கயோ ஒண்ணத் தொலச்சிருச்சு. அதுக்கு ரெண்டுதான்."

கோழி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "சில குடும்பத்துல அந்த மூணுல ஒண்ணுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அவங்க கடிகாரம் வேகமா ஓடும். பொழுது சாஞ்சா தூங்கிருவாங்க, யாரும் எந்திரிக்காத நேரத்துல எந்திரிச்சிருவாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தாப் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி." ஒரு பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தாள். "உங்க எச்சில சோதிச்சுப் பாக்கலாமாம்மா?"

ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன். அவளுடைய தோழி ஒருத்தி சோதித்தாள். எழுத்து மாறித்தான் இருந்தது. ராஜனைச் சோதிக்க வழியில்லை. "ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள் மேகலா. அவளிடம் அது இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தேன். அவன் குடிக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சி என் எச்சிலில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததை, முந்நூறு மரத்தை இருட்டில் வெட்ட எனக்குக் கை கொடுத்ததை, நான்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் போன நெடுஞ்சாலைக்கு அது ஆகவில்லை.

மேகலா இன்னொன்றும் சொன்னாள். இந்தக் கடிகாரத்தில் வேறொரு பாகமும் இருக்கிறது. அதன் மூதாதை ஆதியில் நேரம் பார்க்கவில்லையாம். வெயில் பட்டு உயிருக்குள் உண்டான காயத்தை, வெளிச்சத்தைக் கொண்டே ஆற்றுகிற வேலை அதற்கு. அந்த வழியில் வந்தவற்றில் சில காயம் ஆற்றுவதை விட்டுவிட்டு நேரம் பார்க்கக் கற்றுக்கொண்டன. சாவு வீட்டில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, காலம் ஆற்றிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குள் இருப்பது அந்தப் பழைய வேலையை எப்போதோ மறந்துவிட்டது போலிருக்கிறது.

5

திதிக்குக் கோமதி தாராவோடு மத்தியானமே வந்துவிட்டாள். வழியில் காரில் ஏதோ கோளாறு, இங்கே ஒரு பட்டறையில் விட்டிருக்கிறாள். அதனால் இந்த முறை இரவு தங்குவதாகச் சொன்னாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பயமும்கூட.

பொழுது சாய்கிற நேரம் படையல் போட்டோம். அவனுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, ரசம், அப்பளம். இலை ஓரத்தில் நான் நாலு சிலிப்பாடி மிளகாயை வைத்தேன். கோமதியின் முகம் சிவந்துபோனது.

"இத எதுக்கு வக்கிறீங்க? ஊரே சிரிச்சது பத்தாதா அத்தை?"

"அவன் கடிப்பான்ல."

"எதுக்குக் கடிச்சாருன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் சொல்லல?" கையை நீட்டி மிளகாயை எடுக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். வாழ்க்கையில் யார் கையையும் நான் அப்படிப் பிடித்ததில்லை. "எடுக்காத. எம்பிள்ள குடிக்கல. எங்கிட்டதான் இருக்கு அது. மேகலா, நீ சொல்லுடி."

மேகலா சொன்னாள். ஈயில் தொடங்கி, கோழி, எழுத்து, என் எச்சில் எல்லாம் சொன்னாள். "அண்ணி, இருட்டுனா அவனால முழிச்சிருக்க முடியாது. சோம்பேறித்தனம் இல்ல, குடியும் இல்ல. அவன் உடம்புக்கு அப்ப நடுச்சாமம். அந்த நேரத்துலதான் அவன் தினமும் வண்டிய எடுத்தான். கண்ணு மூடிருக்கும். அதுக்குத்தான் மொளகா."

நான் பிடித்திருந்த கையை விலக்கிக்கொண்டு கோமதி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வாழை இலையில் ஆவி அடங்கிவிட்டது. பாங்கு கேட்டது. அவள் கேட்ட கேள்வி நான் நினைத்தே பார்க்காதது.

"அப்படின்னா… அவரு எம்மேல கோவத்துல தூங்கலயா?"

மேகலாதான், "இல்ல அண்ணி" என்றாள்.

"பத்து வருஷம்" என்றாள் கோமதி. "செவுத்தப் பாத்துப் படுத்த முதுகோடயே சண்ட போட்டேன். அன்னிக்குக்கூட, 'போய்த் தூங்குங்க, அதுதானே தெரியும்'னு சொல்லித்தான் அனுப்புனேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எடுக்கப் போன மிளகாயை இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு அவள் தாராவைப் பார்த்த பார்வையைக் கவனித்தேன். தாரா சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. கோமதி மெதுவாகக் கேட்டாள், "இவளுக்கும் இருக்குமா மேகலா?"

"பாதிக்குப் பாதி அண்ணி. இவ தூக்கத்தப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சிரும். வீட்ல எப்படி?"

"எங்கம்மாதான் படுக்க வைக்கிறாங்க. எனக்குச் சாயங்கால வேலை. நான் கவனிச்சதில்ல."

அன்றைக்கு நானும் கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன். குழந்தைக்கு அது இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலின் அடியிலேயே இன்னொரு ஆசை கிடந்தது. இருக்கட்டும், ராஜனுடையது ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று. எது என் உண்மையான வேண்டுதல் என்று சாமிக்கும் குழப்பமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தாரா குதித்தாள், பாடினாள், போனில் ஏதோ காட்டினாள். அவள் கண் சுருங்குகிறதா என்று பார்த்தேன்.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.

6

விழித்தபோது வீடு இருட்டாக இருந்தது. நாற்காலியிலேயே கிடந்தேன். யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். குசினிக்குப் போய்ச் சத்தம் வராமல் அடுப்பைப் பற்ற வைத்தேன். தாரா அறையில் கையைக் காலை விரித்துக்கொண்டு அயர்ந்து தூங்கினாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோழி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்நேரம் கண் திறந்து, எப்போது விடியும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம். கோமதி. கூந்தல் கலைந்து, கண் திறக்க முடியாமல், கையில் போனோடு நின்றாள். அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள்.

"ஏம்மா எந்திரிச்ச? போய்ப் படு."

"இல்ல அத்தை." மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ராஜன் உட்காருகிற மாதிரி, சுவரில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு. "தாரா பதினோரு மணி வரைக்கும் ஆட்டம் போட்டா. மேகலாவே அசந்துட்டா. அவளுக்கு இல்ல போல."

"நல்லதும்மா" என்றேன். நல்லதுதான். அவள் சாயங்காலங்களில் விழித்திருப்பாள், படிப்பாள், வண்டி ஓட்டுவாள், புருஷனோடு உட்கார்ந்து பேசுவாள். கடலில் புழுவாக இருந்த காலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்த கடிகாரம் அவளிடமும் இருக்கிறது, சரியான வேகத்தில் ஓடுகிறது. எங்கள் அவசரம் மட்டும் அவளிடம் இல்லை. இந்த நாட்டில் அது என்னோடு நின்றுவிடும்.

இரண்டு கோப்பையில் கோப்பியைக் கலக்கி, ஒன்றை அவள் முன்னால் வைத்தேன்.

"இந்த நேரத்துல ரெண்டு பேரும் தினம் என்னதான் அத்தை பேசுவீங்க? நான் பாதித் தூக்கத்துல பாத்திரச் சத்தம் கேப்பேன். எனக்குப் பொறாமையா இருக்கும்."

"ஒண்ணும் பேச மாட்டோம்."

"ஒண்ணுமேவா?"

"சீனி பத்துமான்னு கேப்பான்."

அவள் சிரித்தாள். அழுகை மாதிரி இருந்தது. கோப்பியில் ஒரு வாய் குடித்தாள். "சீனி பத்துமா அத்தை?" என்று கேட்டாள்.

"பத்தும்" என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஊரில் இருக்கிற கோழி வீட்டுப் பிள்ளைகளே, உங்களில் யாராவது விளக்கு வைத்ததும் தூங்கினால் அடிக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள். ராத்திரி வேலைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் இதைச் சொல்லியே செய்யுங்கள். மலேசியா பற்றி நான் எழுதுவதற்கு இவ்வளவுதான் இருக்கிறது.

கோப்பி ஆறுவதற்குள் கோமதி தூங்கிவிட்டாள். மேசையில் கை வைத்து, கை மேல் கன்னத்தை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கினாள். என் மேல் இருந்த போர்வையை எடுத்து வந்து அவளுக்குப் போர்த்திவிட்டேன். அவள் என் மேல் கோபத்தில் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.